சாகிப்

டாக்கா நீதிமன்றத்தில் மின்விசிறி கிறீச்சிடுகிறது. சாட்சிக் கூண்டில் நிற்கும் ஜொய்குன் பீபியின் விரல்கள், முந்தானையில் முடிந்த வெற்றிலையைப் பிசைந்துகொண்டே இருக்கின்றன. எதிரே குற்றவாளிக் கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால், ஊரே நாற்பது வருடமாகச் சலாம் வைத்த முன்ஷி உட்கார்ந்திருக்கிறார்; வெண்தாடியில் வெயில் விழுகிறது. “எழுபத்தொண்ணு விடுதலைப் போர் சமயத்துல உங்க புருஷனைப் பட்டாளத்துக்கிட்ட பிடிச்சுக் கொடுத்தது யாரும்மா?” என்கிறார் அரசு வக்கீல். “முன்ஷி சாகிப்தாங்கய்யா. அவருதான் வந்து இழுத்துக்கிட்டுப் போனாரு.” பின்வரிசையில் ஒருத்தி வெடிக்கிறாள்: “கொலைகாரனுக்கு என்னடி மரியாதை!” ஜொய்குனுக்குச் சுருக்கென்கிறது. கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கிறாள். “அவன்தான்,” என்கிறாள், வாய்க்குள்ளேயே. கூரை இடிந்து விழவில்லை. முன்ஷிதான் தலையைக் குனிந்துகொள்கிறான். “அவன்தாங்கய்யா!” “போதும்மா, பதிவாயிடுச்சு,” என்கிறார் நீதிபதி. முந்தானையை விட்டுவிட்டு அவள் கை கூப்புகிறாள். “இருங்கய்யா, இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லிக்கிறேன்.”