மூன்றாவது கம்ப்யூட்டர்

"சுவிட்ச் போட்டா உள்ள காத்தாடி சுத்துதுண்ணே. ஆனா ஸ்கிரீன் கறுப்பாவே நிக்குது. மூணு தடவ 'பீப்'னு கத்திட்டு அப்படியே அடங்கிடுதுலா."

பிரேமாவதி சொல்லி முடிப்பதற்குள் காளிதாசன் மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். இந்த வாரத்தில் இது மூன்றாவது கம்ப்யூட்டர். சுங்கை லாலாங் ஊரில் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் பேசிவைத்துக்கொண்டு கெட்டுப்போகிறதோ என்று அலுப்பாக இருந்தது.

திங்கட்கிழமை பிச்சை வீட்டில் பவர் கேபிள் பாதி கழன்று தொங்கியது. புதன்கிழமை கோயில் ஆபீஸில் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவிட்ச் அணைந்திருந்தது, அவ்வளவுதான். அதற்குள் செயலாளர் முனியாண்டி, "செத்துப்போச்சுண்ணே" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இதைக்கூட பார்க்கத் தெரியாதா இவர்களுக்கு?

கூலிம் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் பெரிய பெரிய மெஷின்களைப் பழுதுபார்த்த கை அது. பிப்ரவரியில் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அன்றைக்கு வந்து படுத்தவர்தான், மூன்று மாதம் சுவரைப் பார்த்தே கிடந்தார். மனைவி நளினி வைத்த சோறு பாதி நாள் தட்டிலேயே காய்ந்துபோகும்.

அவருக்கு வருகிற போனையும் நளினிதான் எடுப்பாள். இன்றைக்கும் அவள்தான் சட்டையை நீட்டினாள். "பாவம்ங்க, பிரேமா மகளோட படிப்பெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்காம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"வேற ஆளே இல்லையா இந்த ஊர்ல?" என்று முனகிக்கொண்டேதான் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே விரல் தடிமனுக்குத் தூசி. மெமரி கார்டு மட்டும் தன் பள்ளத்திலிருந்து எழும்பிச் சாய்ந்து நின்றது. அதன் இரண்டு பக்கக் கொக்கிகளும் திறந்திருந்தன. அந்தக் கொக்கிகள் மேல் மட்டும் தூசி இல்லை.

"இது எப்படிம்மா கழண்டுச்சு?"

"எலி ஏதாச்சும் ஓடியிருக்கும்ணே." பிரேமாவதி அவர் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணியை ஆற்றினாள்.

இரண்டு கொக்கியையும் அழுத்தித் திறக்கிற எலியா? கேள்வி வாய்வரைக்கும் வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

கார்டின் பித்தளை நிற ஓரத்தை ரப்பரால் நிதானமாகத் தேய்த்தார். ஊதினார். பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்த, 'டக்' என்று கொக்கிகள் மூடிக்கொண்டன. சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு பீப். ஸ்கிரீன் வெளிச்சமானது.

"வந்துடுச்சு!" பிரேமாவதி கைதட்டினாள். "நீங்க மட்டும் இல்லன்னா நாங்க என்னண்ணே பண்ணுவோம்?"

"தூசியக் கொஞ்சம் தட்டி வைம்மா. சூடாச்சுன்னா மறுபடியும் மக்கர் பண்ணும்," என்று சிரித்தார் காளிதாசன். குரலில் பழைய அதிகாரம் லேசாக எட்டிப் பார்த்தது. முதுகு வலித்தது. ஆனாலும் எதிரே வைத்த மீகூன் சேமியாத் தட்டு காலியானதை அவரே கவனிக்கவில்லை.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறியபிறகுதான் டார்ச்சை உள்ளேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி நடந்தார்.

கதவு பாதி திறந்திருந்தது. பிரேமாவதி வாசலுக்கு முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா நளினி அண்ணி, இப்பதான் கிளம்பினாரு. ஒரு தட்டு மீகூன் முழுசா சாப்பிட்டாருலா. சிரிச்சுக்கூட பேசினாரு."

காளிதாசன் கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

"சரி அண்ணி, நாளைக்கு யார் வீட்டுல கழட்டி வைக்கணும்?"