பெலிசித்தம்மாவின் முறைப்பாடு

அரசாங்க உதவி கிடைத்தும் அந்த முதியோர் இல்லம் முதியவர்களிடம் கட்டணம் வாங்கியது பிழை என்று தீர்ப்பாகி, காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெலிசித்தம்மாவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

அவர் இல்லத்தின் கந்தோருக்குள் புகுந்து பொறுப்பாளரின் மேசையில் ஓங்கி அடித்தார்.

"நாலு வருசமா என்ர பென்சன் முழுக்க உங்களுக்குத்தான் வந்தது. என்ர காசு எங்க?"

புதிய பொறுப்பாளர் பதிவேட்டைப் புரட்டினார். "அம்மா, உங்களிட்ட ஒரு சதமும் வாங்கேல்லை. ஆதரவில்லாத ஆக்களிட்டக் காசு எடுக்கிறேல்லை."

"ஆர் ஆதரவில்லாதவள்? என்ர மோன் டெறன்ஸ் கீரிக் கடற்கரையில ரெண்டு வள்ளம் வைச்சிருக்கிறான். என்ர பென்சனை எடுத்து மாசாமாசம் இங்க கட்டினவன் அவன்தான்!"

பொறுப்பாளர் தயங்கித் தயங்கி, அவரைச் சேர்த்த நாளில் நிரப்பிய படிவத்தை நீட்டினார். 'பிள்ளைகள் இல்லை' என்றிருந்தது. 'கூட்டிவந்தவர்: டெறன்ஸ். உறவு: அயலவர்.' கையெழுத்தும் அவனுடையதுதான்.

அழுவார் என்று நினைத்துப் பொறுப்பாளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பெலிசித்தம்மா அதைத் தொடவில்லை.

"பொலிசுக்கு ஒரு முறைப்பாடு எழுதோணும். பேப்பர் தாங்கோ, தம்பி. என்ர பென்சனைக் களவெடுத்தவன்ர பேர் டெறன்ஸ்."

"மோன் எண்டு எழுதப் போறீங்களோ, அம்மா?"

"இல்லை," என்றார் பல்லைக் கடித்தபடி. "அயலவன்."