மாத்திரைக்குத் துணை போன டீ

செல்லக்கனிக்கு ரத்தத்தில் இரும்பு குறைவு. தினமும் இரும்பு மாத்திரையை டீயோடுதான் விழுங்குவாள். வயிற்றுக்குள் போனதும் டீ, மாத்திரையின் தோளில் கை போட்டு, "என்ன அவசரம்?" என்று கதை பேசியே அதை ரத்தத்துக்குப் போகவிடாது. பிறகு, "மாத்திரைக்குத் துப்பில்லை" என்று ஊரெல்லாம் சொல்லும்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே டீ ஆவி பறக்கக் காத்திருந்தது. மேலே ஒரு பாட்டில் தொங்கியது. உள்ளே இருந்ததும் டீ நிறம்தான்.

"நம்மாளா?" என்றது டீ.

"இல்லை, இரும்பு."

டீக்கு வாயெல்லாம் பல். "வா தம்பி, சேர்ந்தே இறங்குவோம்."

இரும்பு குழாய் வழியாக அவள் கை நரம்புக்குள் சொட்டத் தொடங்கியது.

"வாசல்ல நான் நிக்கிறது தெரிஞ்சுமா கொல்லைப்புறமாப் போறே?"

"தெரிஞ்சதாலதான், அண்ணே."