மூன்று வேளை கறக்காத மடி

தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் காலை வெயில் கறுப்புப் பசுவின் மடியில் நிற்கிறது. நேற்றுக் காலை, மாலை, இன்று காலை என மூன்று வேளை கறக்காத மடி. தோல் பளபளக்க, காம்புகள் நாலும் விறைத்து நிற்கின்றன. மடி பெருத்துத் தெரிந்தால் விலை கூடும் என்பது கணவனின் யோசனை. காலி வாளியோடு கொட்டில் வாசலில் நிற்கும் மனைவியின் காதுக்குள் பசு இரவெல்லாம் முனகியது இன்னும் கேட்கிறது. “புண்ணாக்கு வாங்கினா வீண் செலவுன்னு குதிச்சீங்க. இது துடிக்கிறது மட்டும் லாபமா?” “விக்கப்போற மாட்டுக்கு விருந்து வைக்கிறவ நீ ஒருத்திதான். வாய மூடு, ஆள் வர்றாரு.” மாட்டு வியாபாரி குனிந்து மடியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்கிறார். பிறகு ஒரு காம்பை அமுக்குகிறார். பால் பீறிடவில்லை, திரிதிரியாக, இளஞ்சிவப்பாகத் தரையில் சொட்டுகிறது. “எத்தனை வேளைண்ணே விட்டீங்க?” “மூணுதான்.” “ஒரு வேளை விட்டாலே எங்களுக்குத் தெரிஞ்சுடும், இதுல மூணா! மடிநோய் கண்டுடுச்சுண்ணே. இனி கறவை மாட்டு விலைக்குப் போகாது. கறிக்குன்னா சொல்லுங்க, வண்டி அனுப்புறேன்.” விரல்களை வைக்கோலில் துடைத்துக்கொண்டு அவர் போகிறார்.

கணவன் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடியே நிற்கிறான். “இப்பக் கறந்தா சரியாயிடுமில்ல?” என்கிறான், பசுவிடம் கேட்பதுபோல. அவள் வாளியைக் கீழே வைக்கிறாள். குந்தி உட்கார்ந்து மடியில் கை வைக்கிறாள். அடுப்பில் கிடந்த கல்லாய்ச் சுடுகிறது. ஒருநாளும் உதைத்தறியாத பசு வலி தாங்காமல் காலைத் தூக்குகிறது. தூக்கிய கால் அந்தரத்தில் நடுங்குகிறது. பிறகு, அவள் கையில் பட்டுவிடாமல், மெல்லத் தள்ளி ஊன்றிக்கொள்கிறது.