மாதம்மா சொன்ன பேர்

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த வேடியப்பனுக்கு மூளை வீங்கிப்போச்சு. அழுத்தம் குறைய மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, கெடாமல் இருக்க அவன் வயிற்றுத் தோலுக்குள்ளேயே வைத்துத் தைத்தார்கள். ஒன்பது நாளாக மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருந்தார்கள். வீக்கம் வடிந்ததால் இன்று மருந்தை நிறுத்திவிட்டு, "பேர் சொல்லிக் கூப்பிடும்மா, கேக்குதா பாப்போம்" என்றது நர்சம்மா.

அவன் சம்சாரம் மாதம்மா என் பக்கம் திரும்பினாள். "நீங்களே கூப்பிடுங்கண்ணா. கட்டினவர் பேர நான் எப்படிச் சொல்றது?"

"வேலைக்கு நேரமாச்சுன்னு தினம் வாசல்ல நின்னு கத்துவேன். நான் கூப்பிட்டு அவன் என்னைக்கும்மா எழுந்தான்?"

முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு அவன் காதோரம் குனிந்தாள். "டேய் வேடியப்பா!"

நர்சம்மா சிரித்துவிட்டது. அவன் கண் திறக்கவில்லை. புருவம் மட்டும் மெல்லச் சுருங்கியது.

"மொறைக்கிறாருண்ணா!" என்றாள் மாதம்மா.