வற்றிய அருவி

சிசிலியின் ஓக் காட்டு வீட்டில், அருவிகளுக்கு நடந்துபோகும் வழிகளை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தான் நிர்மலன். வீட்டை வாடகைக்கு விட்டவள் சிரித்தாள். "கோடையில் எல்லோரும் தண்ணீர் உள்ள அருவியைத்தான் கேட்பார்கள். நீங்கள் வற்றியதைக் கேட்கிறீர்களே!"

போன வசந்தத்தில் அந்த அருவியின் மடுவில்தான் அவன் தம்பி சுதன் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை.

அவள் போனதும் மனைவி தர்ஷினி சொன்னாள்: "மாமி இன்னும் சுதன் வருவான் எண்டுதான் இருக்கிறா. நாங்கள் போய்க் கண்டுபிடிச்சால்?"

"கண்டுபிடிக்காட்டி?"

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அழைத்தாள். "அங்க மழையோ தம்பி? சுதன் நனையப்போறான்."

"இல்லையம்மா. ஒரு சொட்டும் இல்லை."

அவன் போனை நீட்டினான். தர்ஷினி போனை வாங்கி, மாமி பேசி முடிக்கும்வரை "ஓம், ஓம்" என்றாள்.