சீல் பிரிக்காத டிஸ்க்

“இதுவும் போயிடுத்துப்பா ஷாஹுல். என்ன டிஸ்க்கை மாட்டி அனுப்பறே நீ?”

கோயில் அர்ச்சகர் ஸம்பத்குமார், ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த சி.பி.யூ.வை சர்வீஸ் சென்டர் மேஜைமேல் இறக்கினார். திருவள்ளூர் தேரடியில் இருந்த அந்தச் சின்னக் கடையில், இந்தப் பெட்டிக்கென்று தனி இடமே ஒதுக்கிவிடலாம். அத்தனை முறை வந்துவிட்டது.

ஷாஹுல் கரண்ட் கொடுத்துப் பார்த்தான். உள்ளே ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. போன மாதம் மாற்றிக் கொடுத்த டிஸ்க். அதற்கு முந்தியதும் இப்படித்தான் செத்தது.

“இன்னா சாமி இது, பேஜாரா கீது! மொத தபாவே சொன்னேன்ல, ஊர்ல இருக்கறவன் திருப்பிக் குடுத்ததத்தான் ரிப்பேர் பண்ணி அடுத்தவனுக்கு அனுப்புறானுங்க. அதான் புட்டுக்குது. ஓடிக்கினு இருக்கும்போது ஆட்டினா டிஸ்க் போயிடும்னேனே, யாராச்சும் ஆட்டினாங்களா?”

“ஆத்துல நானும் என் ஆம்படையா கோமளவல்லியும்தான். அவ அந்த ரூம் பக்கமே வரதில்லை.”

“உங்க பொண்ண கம்பெனிக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க சாமி. வாங்க வந்தப்பவே இன்னாமா கேள்வி கேட்டுச்சு! மெரண்டுடுவானுங்க.”

“அவ பேச மாட்டா. நான்தான் பேசுவேன். நீ வேற டிஸ்க் வாங்கிக் கொடு” என்று சிடுசிடுத்துவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

மூன்று வருஷ வாரண்டி என்று கம்பெனிக்காரன் அட்டையில் பெரிதாகத்தான் அச்சடித்திருந்தான். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! அந்தப் பூசாரி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பெனியின் உதிரிபாக கோடவுனில் உட்கார்ந்திருந்த துளசிராமன். ஷாஹுல் அவருக்குப் போன் போட்டான்.

“அதே கஸ்டமரா? அந்தாளு கீழ போட்டு ஒடைக்கிறாருய்யா!” என்று அவர் எரிந்து விழுந்தார்.

“சார், கொழந்தைய தூக்கியார மாதிரி மடியில வெச்சுக்கினு வர்றாரு. அவரா ஒடைப்பாரு? நீங்க அனுப்புற பழசுதான் சரியில்ல.”

“பழசுன்னா? உள்ள இருக்கறத ஒண்ணு விடாம அழிச்சு, டெஸ்ட் பண்ணிட்டுத்தான் அனுப்புறோம். வேற எந்தக் கடையிலயும் இந்தத் தொல்லை இல்ல. இன்னொரு தபா இதே கம்ப்ளைண்ட் வந்துச்சு, உன்னைத் தூக்கிடச் சொல்லுவேன்.”

ஷாஹுல் போனை வைத்தான். பழவேற்காட்டில் வாப்பாவின் கருவாட்டு வியாபாரம் படுத்தபிறகு, வீட்டுக்குப் போகிற ஒரே சம்பளம் அவனுடையதுதான். இந்தப் பக்கம் கஸ்டமர் திட்டுகிறார், அந்தப் பக்கம் கம்பெனி மிரட்டுகிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பயந்தான், ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை பெரியபாளையத்தில் பஸ் மாறி, கவரைப்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே சிக்கி, ஒருவழியாகக் கும்மிடிப்பூண்டி போய் இறங்கினான். துளசிராமனுக்கு எதிரிலேயே நின்று கத்தினான்.

“பெருமாளுக்கு பூஜ பண்ற மனுஷன் பொய் சொல்ல மாட்டாரு சார்! சீல் பிரிக்காத புது டிஸ்க் ஒண்ணு குடுங்க. அதுவும் புட்டுக்கிச்சுன்னா, நானே வேலைய உட்டுட்டுப் போயிடறேன்.”

துளசிராமன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“பேச்சு மாற மாட்டியே?”

“மாட்டேன் சார்.”

புது டிஸ்க் கைக்கு வந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அவனுக்குச் சந்தோஷம். கம்பெனிக்காரனை எதிர்த்து ஜெயிப்பது என்ன லேசான காரியமா? கடைக்கு வந்ததும் ஸம்பத்குமாருக்குச் சொல்லி அனுப்பினான்.

“சாமி, இனிமே நீங்க அலையவே வாணாம். புத்தம் புதுசு! என் வேலையவே பந்தயம் வெச்சு வாங்கியாந்திருக்கேன்.”

ஸம்பத்குமாரின் முகம் வெளுத்துப் போனது.

“புதுசா? இதுக்கு முன்னாடி யார் ஆத்துலயும் இருந்ததில்லையா?”

“இல்ல சாமி. நீங்களே பாருங்க, சீல் கூடப் பிரிக்கல.”

“அப்போ வேண்டாம்ப்பா. பழசே வாங்கிக் கொடு.”

“இன்னா சாமி சொல்றீங்க? பழசாலதானே இவ்ளோ ரோதனை!”

ஸம்பத்குமார் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“டிஸ்க் மேல ஒரு குத்தமும் இல்லைப்பா. நீ மாத்திக் கொடுத்த ஒவ்வொண்ணையும் ஓடிண்டிருக்கறச்சே நான்தான் பெட்டியோட தூக்கித் தரையில தட்டினேன்.”

ஷாஹுல் கையிலிருந்த டிஸ்க்கை மேஜைமேல் வைத்தான்.

“என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்களே சாமி! உங்களுக்கு நான் இன்னா கெடுதி பண்ணேன்?”

“வேலைக்குக் கம்பெனி வேன்ல போறச்சே லாரி மோதி எம்பொண்ணு மைத்ரேயி போயிட்டாப்பா. அவ படம், மைக்ல சேவிச்சுப் பதிஞ்சு வெச்சிருந்த பாசுரம் எல்லாம், டிவி மாதிரி ஒண்ணு இருக்கே, அந்தத் திரைக்குள்ளதான் இருக்குன்னு நெனச்சுண்டு, தானாவே கெட்டுப்போன முதல் டிஸ்க்கை நானே உன்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டேன்” என்றவர், மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். “திருப்பிக் கொடுத்ததெல்லாம் ரிப்பேராகி வேற வேற ஆத்துக்குப் போறதுன்னு நீதானே சொன்னே... மாத்திண்டே இருந்தா, என்னிக்காவது ஒரு நாள் அவ எங்காத்துக்கே வந்துட மாட்டாளா?”